ஜே. டேவ்ஸ், உங்கள் கார் தயார்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், வின்னிபெக்கிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் ஸ்டைன்பாக் வரும். தெருவுக்குத் தெரு கார்க் கடைகள் இருப்பதால் 'ஆட்டோமொபைல் சிட்டி' என்றும் ஒரு பெயர். அங்கே ஒரு மெக்கானிக் கடையின் காத்திருப்பு அறை. வெளியே மார்ச் மாதத்துச் சேறும் பனியும். உள்ளே 72 வயது அம்மா ஒருவர் சூரியகாந்தி விதையைக் கடித்து, தோலைக் காகிதக் கப்பில் துப்பிக்கொண்டிருக்கிறார். எதிரே முப்பது வயதுக்காரர் ஒருவர், கையில் போன். கவுன்டரிலிருந்து குரல் வருகிறது: "ஜே. டேவ்ஸ்! கார் தயார்!" இரண்டு பேரும் எழுந்துவிடுகிறார்கள்.

மூத்த டேவ்ஸ்: உட்கார் தம்பி. கூப்பிட்டது என்னை.

இளைய டேவ்ஸ்: இல்லை அம்மா, என்னைத்தான். ஜே. டேவ்ஸ் நான்.

மூத்த டேவ்ஸ்: அப்போது நான் யார்?

இளைய டேவ்ஸ்: அது... உங்களுக்குத்தான் தெரியும்.

மூத்த டேவ்ஸ்: நானும் ஜே. டேவ்ஸ். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு டேவ்ஸ் மேல்தான் விழும். என் வகுப்பில் பீட்டர் மட்டும் ஆறு பேர். வாத்தியார் 'பீட்டர்' என்றால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். அதனால் எல்லாருக்கும் பட்டப்பெயர். நொண்டிக் குதிரை பீட்டர், மோர் பீட்டர்...

இளைய டேவ்ஸ்: அதை விடுங்கள் அம்மா. அந்த கவுன்டர்காரர் என் பெயரை முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார், கவனித்தீர்களா? எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டொரன்டோவில் பிறந்து வளர்ந்தவன் நான். டி, ஓ, இ, டபிள்யூ, எஸ். இதை எழுதிக் கொடுத்தால் 'டோஸ்' என்பார்கள், 'டூஸ்' என்பார்கள். ஒருத்தர் 'டோ-யூஸ்' என்று என்னை இரண்டு ஆளாகவே பிரித்துவிட்டார். காபிக் கடையில் கேட்டால் 'டாம்' என்று சொல்லிவிடுவேன்.

மூத்த டேவ்ஸ்: டாமா! ஐந்நூறு வருஷத்துப் பெயரை ஒரு காபிக்கு விற்றிருக்கிறாய்.

இளைய டேவ்ஸ்: எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்று இருந்தால் நான் என்ன செய்வது?

மூத்த டேவ்ஸ்: எழுத்தில் தப்பே இல்லை. அந்த 'ஓஇ' ஜெர்மன்காரர்கள் தலைமேல் இரண்டு புள்ளி வைத்து எழுதுகிற ஓ. நம் வீட்டு மொழி ப்ளாட்டீச் இருக்கிறதே, அதில் அந்த ஓசைக்கு உதட்டைக் குவிக்க மாட்டார்கள். அது 'ஏ' ஆகிவிடும். டபிள்யூவுக்கு எப்போதுமே 'வ' ஓசைதான். ஆக டேவ்ஸ். லேவன் குடும்பமும் இப்படித்தான். அந்தக் கார்ட்டூன்காரன் கிரேனிங்கும் இப்படித்தான்.

இளைய டேவ்ஸ்: எந்தக் கார்ட்டூன்காரன்?

மூத்த டேவ்ஸ்: மஞ்சள் முகமும் மொட்டைத் தலையுமாக ஒருத்தன் டோனட் தின்பானே, ஹோமர் சிம்ப்சன். அதை வரைந்த மேட் கிரேனிங். அவனுடைய அப்பா சாஸ்காட்செவன் மாகாணத்து மெனனைட் வீட்டுப் பிள்ளை, நம் கிறிஸ்தவச் சபைதான். அவர் பெயரே ஹோமர்தான்.

இளைய டேவ்ஸ்: ஹோமர் சிம்ப்சன் நம்ம ஆளா!

மூத்த டேவ்ஸ்: கோயிலுக்குப் போகிறான், தூங்கிவிடுகிறான். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். சரி, விளையாட்டை ஆரம்பிக்கலாமா?

இளைய டேவ்ஸ்: என்ன விளையாட்டு?

மூத்த டேவ்ஸ்: மெனனைட் விளையாட்டு. இரண்டு மெனனைட்டுகள் ஓர் அறையில் மாட்டிக்கொண்டால் இதுதான் வேலை. உங்கள் அப்பா யார், அம்மா பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எந்த ஊர், எந்தச் சபை. எங்கே முடிச்சு விழுகிறதோ அங்கே ஆட்டம் முடிந்தது. அம்மா என்ன வீடு? பென்னரா? ரைமரா? ஃப்ரீஸனா?

இளைய டேவ்ஸ்: எஸ்பொசிட்டோ.

மூத்த டேவ்ஸ்: (விதையை மெல்லுவதை நிறுத்தி) இத்தாலியா?

இளைய டேவ்ஸ்: ஆமாம். நான் பாதிதான்.

மூத்த டேவ்ஸ்: பரவாயில்லை. ஜொனாதன் டேவ்ஸுக்கும் அம்மா பிரெஞ்சு பேசும் வீட்டுப் பெண்தான். பாதியை வைத்துக்கொண்டே அந்தப் பையன் ஐஸ் ஹாக்கியில் மூன்று ஸ்டான்லி கோப்பை வாங்கினான். 2010, 2013, 2015. சிக்காகோ அணிக்குக் கேப்டன் ஆனபோது வயது இருபது.

இளைய டேவ்ஸ்: அவர் ஆடிய நாட்களில் சிக்காகோ போயிருந்தேன். மைதானமே 'டேவ்ஸ், டேவ்ஸ்' என்று கத்தியது. என் பெயரை அத்தனை பேர் சரியாகச் சொல்லி அப்போதுதான் கேட்டேன். எழுந்து கை ஆட்டினேன். பக்கத்து ஸீட்காரர் உட்காரச் சொன்னார்.

மூத்த டேவ்ஸ்: அவனுக்கு அங்கே 'கேப்டன் சீரியஸ்' என்று பெயராம். சிரிக்கவே மாட்டானாம். வேடிக்கை! எங்கள் ஊரில் அந்த முகத்துக்குச் சாதாரண முகம் என்று பெயர்.

இளைய டேவ்ஸ்: டெவன் டேவ்ஸ் என்று இன்னொருவர் இருக்கிறாரே, கொலராடோ அணியில்? 2022-ல் கோப்பை வாங்கினார். இரண்டு பேரும் சொந்தமா?

மூத்த டேவ்ஸ்: அவன் பிரிட்டிஷ் கொலம்பியா, அபட்ஸ்ஃபோர்டு பையன். சொந்தம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாலைந்து தலைமுறை தோண்டிப் பார்க்கச் சோம்பல் பட்டால் எவனும் அப்படித்தான் சொல்வான்.

இளைய டேவ்ஸ்: எனக்குத் தெரிந்த டேவ்ஸ் எல்லாம் ஐஸில் சறுக்குகிறவர்கள்தான் அம்மா. அப்புறம் அந்த எழுத்தாளர் மிரியம் டேவ்ஸ். அவர் இந்த ஊர்தானே?

மூத்த டேவ்ஸ்: (குரலைத் தாழ்த்தி) இந்த ஊரேதான். அவள் புத்தகத்தை நாங்கள் படிக்க மாட்டோம்.

இளைய டேவ்ஸ்: ஏன்?

மூத்த டேவ்ஸ்: 2004-ல் ஒரு நாவல் எழுதினாள். கவர்னர் ஜெனரல் விருது கொடுத்தார்கள். கற்பனை ஊர் என்று போட்டிருந்தாள். கற்பனை ஊராம்! எல்லாம் எங்களைத்தான்.

இளைய டேவ்ஸ்: படிக்காமல் எப்படித் தெரியும்?

மூத்த டேவ்ஸ்: மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இளைய டேவ்ஸ்: 'விமன் டாக்கிங்' நாவலும் அவருடையதுதானே? படமாகக்கூட வந்து, திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்ததே.

மூத்த டேவ்ஸ்: அதை மட்டும் கேலி பேச மாட்டேன். பொலிவியாவில் நம் ஆட்களின் குடியிருப்பு ஒன்றில் பெண்களுக்கு நடந்த கொடுமை அது. வைக்கோல் பரணில் பெண்கள் உட்கார்ந்து, இங்கேயே இருப்பதா, எதிர்த்து நிற்பதா, கிளம்பிவிடுவதா என்று பேசுகிறார்கள். எங்கள் தேவாலயத்துச் சமையல்கட்டில் அந்த மாதிரிப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டாள்.

(சற்று நேரம் விதை கடிக்கும் சத்தம் மட்டும்.)

இளைய டேவ்ஸ்: பொலிவியா வரைக்கும் எப்படிப் போனோம்?

மூத்த டேவ்ஸ்: எங்கேதான் போகவில்லை? ஆரம்பத்தில் ஹாலந்து. மென்னோ சைமன்ஸ் என்று ஒரு பாதிரியார், 1536-ல் கத்தோலிக்கச் சபையை விட்டு வெளியே வந்தார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்து விவரம் தெரிந்து எடுக்க வேண்டும், ஆயுதம் தொடக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது. அவ்வளவுதான், துரத்த ஆரம்பித்தார்கள். போலந்துப் பக்கம் விஸ்டுலா ஆற்றங்கரைக்கு ஓடினோம். சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து வயலாக்கினோம். வயலானதும் ராஜாவுக்குச் சிப்பாய் ஞாபகம் வந்தது. ரஷ்ய ராணி கேத்தரின் கூப்பிட்டாள்: நிலம் தருகிறேன், பட்டாளத்துக்கு வர வேண்டாம் என்று. போனோம். நூறு வருஷத்துக்குக் கிட்ட உழுதோம். அவளுடைய கொள்ளுப்பேரன் காலத்தில் பட்டாளத்துக்கு வா என்றார்கள். திரும்பப் பெட்டி கட்டினோம். 1874-ல் பதினெட்டுக் குடும்பம் இங்கே வந்து இறங்கியது. அதுதான் இந்த ஊர்.

இளைய டேவ்ஸ்: வீட்டு ஓனர் தொல்லையால் வீடு மாறின கதை மாதிரி இருக்கிறது.

மூத்த டேவ்ஸ்: அதேதான். ஒவ்வொரு தடவையும் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இளைய டேவ்ஸ்: அரசாங்கம் என்றாலே ஓடுகிற கூட்டத்தில் விக் டேவ்ஸ் மட்டும் எப்படி மந்திரி ஆனார்?

மூத்த டேவ்ஸ்: அதைக் கேள்! பராகுவேயில் ஃபிலடெல்ஃபியா என்ற மெனனைட் ஊரில் 1952-ல் பிறந்தவர். இங்கே வந்து எங்கள் தொகுதிக்கே எம்.பி. ஆனார், அப்புறம் நீதித்துறை மந்திரி, அப்புறம் பொதுப் பாதுகாப்பு மந்திரி. போலீஸ், ஜெயில், எல்லைக் காவல் எல்லாம் அவர் கையில். துப்பாக்கி வேண்டாம் என்று நாலு தேசம் ஓடினவர்களின் பிள்ளை! கடைசியில் நீதிபதியும் ஆகிவிட்டார். என் பாட்டி இருந்திருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பாள்.

இளைய டேவ்ஸ்: ஆல்பர்ட்டாவில் டிராவிஸ் டேவ்ஸ் நிதி மந்திரியாக இருந்தாரே.

மூத்த டேவ்ஸ்: அது சரி. காசை எண்ணுவது பாவம் என்று மென்னோ எங்கேயும் சொல்லவில்லை. நீ பேச்சை மாற்றாதே. கொள்ளுத்தாத்தா எந்த ஊர்?

இளைய டேவ்ஸ்: சாஸ்காட்செவனில் ரோஸ்தர்ன் என்று கேள்வி. 1924-ல் ரஷ்யாவிலிருந்து வந்தாராம்.

மூத்த டேவ்ஸ்: (நிமிர்ந்து) ஓ, நீ 1920-களில் வந்த வகையறாவா? கடனில் வந்தவர்கள்!

இளைய டேவ்ஸ்: என்ன கடன்?

மூத்த டேவ்ஸ்: கப்பல் டிக்கெட், ரயில் டிக்கெட், எல்லாம் கடன். நாங்கள் 1874 ஆட்கள். சொந்தக் காலில் வந்தோம்.

இளைய டேவ்ஸ்: முழுக்கச் சொந்தக் காலா?

மூத்த டேவ்ஸ்: கொஞ்சம்... அரசாங்கம் கொடுத்தது. ஒன்டாரியோ மெனனைட்டுகள் ஜாமீன் நின்றார்கள்.

இளைய டேவ்ஸ்: அதற்கும் கடன் என்றுதான் பெயர் அம்மா.

மூத்த டேவ்ஸ்: அது பழைய கடன். மரியாதையான கடன். சரி, உனக்குத் தெரிந்த டேவ்ஸ் எல்லாரையும் சொன்னாய். டேவிட் டேவ்ஸ் தெரியுமா?

இளைய டேவ்ஸ்: எந்த அணி?

மூத்த டேவ்ஸ்: அடப்பாவி! உன்னை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த அணி. ரோஸ்தர்ன் சபையின் மூப்பர். ரஷ்யாவில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு மத்திய ஆசியா வரை வண்டியில் போய், அங்கிருந்து அமெரிக்கா, அங்கிருந்து கனடா என்று அலைந்தவர். புரட்சி, பஞ்சம், கொள்ளை என்று நம் ஜனங்கள் ரஷ்யாவில் செத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயோ, மெனனைட்டுகள் உள்ளே வரவே கூடாது என்று 1919-ல் கனடா உத்தரவு போட்டிருந்தது. போய்ப் போய்க் கேட்டு, 1922-ல் உத்தரவை எடுக்க வைத்தார்கள். பயணக் காசுக்கு எங்கே போவது? அந்த மனுஷர் கனடியன் பசிபிக் ரயில்வேயோடு ஒப்பந்தம் போட்டார். ஆட்களைக் கொண்டு வாருங்கள், காசு அப்புறம் தருகிறோம் என்று கையெழுத்து.

இளைய டேவ்ஸ்: அவரிடம் காசு இருந்ததா?

மூத்த டேவ்ஸ்: ஒரு கோட்டு இருந்தது. உன்னை யார் கையெழுத்துப் போடச் சொன்னது என்று சில சபைக்காரர்களே சண்டைக்கு வந்தார்கள். அவர் பாட்டுக்குப் போட்டுவிட்டார். இருபதாயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் உன் கொள்ளுத்தாத்தா.

இளைய டேவ்ஸ்: காசை யார் கட்டினது?

மூத்த டேவ்ஸ்: வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. பொருளாதார மந்த காலம், கோதுமைக்கு விலை இல்லை. மூப்பர் பிரசங்கம் பண்ண எழுந்தாலே ஜனங்கள் பையைத் தடவிப் பார்த்திருப்பார்கள். ரயில்வேக்காரர்கள் வட்டியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். 1946-ல் கடைசிக் காசும் அடைந்தது. அடுத்த வருஷம் மனுஷர் கண்ணை மூடினார். ஜொனாதனுடைய சட்டை எல்லா ஊரிலும் விற்கிறது. டேவிட் பெயர் போட்ட சட்டையை எவனாவது போட்டிருக்கிறானா?

இளைய டேவ்ஸ்: முதுகில் நம்பருக்குப் பதில் கடன் தொகையைப் போட வேண்டியிருக்கும்.

(கவுன்டரிலிருந்து இரண்டு சாவியும் ஒரு ரசீதும் வருகின்றன.)

மூத்த டேவ்ஸ்: என் சாவி இது. நாலு டயர், ஒரு பேட்டரி. பில் எங்கே?

இளைய டேவ்ஸ்: (போனைப் பார்த்து) அம்மா... அரைமணி நேரம் முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'ஜே. டேவ்ஸ், பணம் கட்டவும்' என்று. பெயர் சரியாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் உடனே கட்டிவிட்டேன். 940 டாலர். இன்ஜின் விளக்கு எரிந்ததற்கு இவ்வளவா என்று மட்டும் யோசித்தேன்.

மூத்த டேவ்ஸ்: உன் காரில் என்ன கோளாறாம்?

இளைய டேவ்ஸ்: (ரசீதைப் படித்து) பெட்ரோல் மூடி சரியாகத் திருகவில்லையாம். காசு வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

மூத்த டேவ்ஸ்: ஆக, என் டயருக்கு நீ காசு கட்டிவிட்டாய். படித்துப் பார்க்காமல்.

இளைய டேவ்ஸ்: ஒரு தட்டுத்தான் தட்டினேன்.

மூத்த டேவ்ஸ்: டேவிட் வம்சம்தான், சந்தேகமே இல்லை. திருப்பித் தருவேன். கவலைப்படாதே. அவர் கணக்குப்படி பார்த்தால் இருபத்து நாலு வருஷம் தவணை.

இளைய டேவ்ஸ்: அப்போது உங்களுக்கு 96 வயது ஆகும் அம்மா.

மூத்த டேவ்ஸ்: கடனை அடைக்காமல் டேவ்ஸ் குடும்பத்தில் யாரும் சாவதில்லை. சரி சரி, முகத்தைப் பார், கேப்டன் சீரியஸ்! இதோ செக் புத்தகம். யார் பெயருக்கு எழுத?

இளைய டேவ்ஸ்: ஜே. டேவ்ஸ்.

மூத்த டேவ்ஸ்: கீழே கையெழுத்தும் ஜே. டேவ்ஸ். எனக்கு நானே செக் கொடுத்துக்கொள்கிறேன் என்றல்லவா பாங்கில் நினைப்பார்கள்.

இளைய டேவ்ஸ்: நான் நேரில் போய் விளக்கிச் சொல்கிறேன். அங்கே யாரைப் பார்க்க வேண்டும்?

மூத்த டேவ்ஸ்: மூன்றாவது கவுன்டரில் ஒரு பெண் இருப்பாள். டேவ்ஸ் என்று கேள்.