ரசீது போட்டவன் நான்தான்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். திருப்பூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பு நகரில் இருக்கிறவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வெளியில் இருக்கிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீதி கேமராவில் பதிவான அந்த 38 நொடி வீடியோ வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவிநாசி தாண்டிப் போய்விட்டது. தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

அந்த வீடியோவில் அப்படி என்னதான் இருக்கிறது? ராத்திரி 12:40க்கு ஒரு பிள்ளை பைக்கில் வந்து இறங்குகிறது. இறக்கிவிட்ட பையனிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறது. கேட்டைத் திறந்து உள்ளே போகிறது. அவ்வளவுதான். இதை எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நம்ம நகர்ல என்ன நடக்குதுன்னு பெத்தவங்க கவனிக்கோணும்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே 41 கும்பிடு.

ஷிப்மெண்ட் நேரத்தில் யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்று திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்புகிற வரைக்கும் செக்கிங், பேக்கிங், மெர்ச்சண்டைசர் என்று ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது. அந்த எக்ஸ்போர்ட் காசில்தான் இந்த நகரில் முக்கால்வாசி வீடுகள் மாடி எழுப்பியிருக்கின்றன. ஆனால் இதை எழுதும்போதே எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. அந்தப் பிள்ளை ஏன் லேட்டாக வந்தது என்று நான் எதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்? வேலைக்குப் போகாமல் சினிமாவுக்கே போய்விட்டு வந்திருந்தாலும் உங்களுக்கு என்ன?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த கேமராவுக்கு அந்த வீடும் காசு கொடுத்திருக்கிறது. 1,500 ரூபாய். ரசீது எண் 23. கையெழுத்து என்னுடையது.

வீடு வீடாகப் போய் வசூல் செய்தவன் நான். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேரையும் கொன்று போட்டார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் ஒரு வயதான தம்பதியையும். அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியவர் யார்? நகரில் எட்டு கேமரா வைப்பது என்று முடிவானது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு வீட்டுக்காரர் இல்லை. தையல் மிஷின் ஓட்டுகிறவர். "பொட்டப்புள்ளய வெச்சுட்டுத் தனியா இருக்கறனுங்கண்ணா, கேமரா வந்தா ஒரு தைரியமுங்க" என்று சொல்லித்தான் அந்தக் காசைக் கொடுத்தார். இரண்டு தவணையாக வேண்டுமானால் கொடுங்கள் என்றேன். வேண்டாம் என்று ஒரே தடவையில் கொடுத்தார்.

ஆகவே "சேமலைகவுண்டம்பாளையம் மறந்து போச்சா?" என்று என்னிடம் வராதீர்கள். மறக்கவில்லை. என் அப்பாவும் அம்மாவும் காங்கேயம் தாண்டித் தோட்டத்துச் சாளையில் தனியாகத்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அடுத்த வீடு இல்லை. பல்லடம் சம்பவம் நடந்த அடுத்த வாரமே ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நாலு கேமரா மாட்டினேன். இட்டேரியை, அதாவது வேலிகளுக்கு நடுவே வருகிற தடத்தைப் பார்த்து ஒன்று, கட்டுத்தறிக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, பின்பக்கம் கிணற்றடிக்கு ஒன்று. கேமராவே வேண்டாம் என்று பேச எனக்கு யோக்கியதை இல்லை, அப்படிப் பேசவும் இல்லை.

அங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கேமரா மாட்டிய புதிதில் நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். கம்பெனியில் டீ குடிக்கும்போதுகூடத் தோட்டத்தைப் பார்ப்பேன். அம்மா வெயிலில் களை எடுத்தால் உடனே போன் போட்டு, "ஏம்மா இந்நேரத்துல காட்டுக்குள்ள சோலி?" என்று கத்துவேன். அப்பா பீடி பற்றவைத்தால் அதற்கொரு போன். பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கிணற்றடிக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. பதறிப்போய்க் கூப்பிட்டேன். உரச் சாக்கை எடுத்துக் கேமரா மேல் போட்டிருந்தார் அம்மா. எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேலுக்குத் தண்ணி ஊத்திட்டு ஈரச் சீலையோட இந்தப் பக்கம் வரக் கூச்சமா இருக்குது கண்ணு. நீ பாக்கற, பாக்காமப் போற. பாக்கறயோன்னு இருக்குதல்லோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கிணற்றடிக் கேமராவைக் கழற்றினேன். வாசல் கேமராவை வழித்தடத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பினேன். வீட்டில் கூட இருக்கிறவர் சம்மதம் இல்லாமல் உள்ளே கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தபோது, அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதுக்குக் கோர்ட்டுக்கு வேற போகோணுமா?" என்றார்.

என்னைப் பெற்றவருக்கே, நான் பார்க்கிறேன் என்பதில் அவ்வளவு கூச்சம். அந்தப் பிள்ளையைப் பார்த்தது யார் யார்? எண்ணிப் பார்த்தேன். ஆரம்பத்தில் நகர்ச் சங்கத் தலைவர், செயலாளர், நான் என்று மூன்று பேர் போனில்தான் கேமராவைப் பார்க்கிற ஆப் இருந்தது. அப்புறம் வெளியூர் போனால் காரைப் பார்த்துக்கொள்ள என்று ஒருவர். அவர் மகன். ராத்திரித் தூக்கம் வராத ஒரு பெரியவர். இப்போது 11 போன். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? நகரின் பெயரும் 123ம். அதை வைத்த மகாபுத்திசாலியும் நான்தான். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே போய் டெலிகிராமில் விலைக்கு வந்தன. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "என்ன ஜனங்கப்பா" என்று உச்சுக் கொட்டியவனும் நான்தான்.

அந்த கேமராவின் வீரத்தையும் சொல்ல வேண்டும். போன மார்ச்சில் மூன்றாவது வீதியில் ஒரு சைக்கிள் திருடு போனது. பதிவை ஓட்டிப் பார்த்தோம். சிலந்தி வலைதான் தெரிந்தது. வலைக்குப் பின்னால் நிழல் மாதிரி ஏதோ போனது. சைக்கிள் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. ஆனால் ராத்திரி 12:40க்கு ஒரு பிள்ளை கேட்டைத் திறப்பது மட்டும் பளிங்கு மாதிரித் தெரிகிறது.

இன்னொன்று. என் மகன் மாதத்தில் நாலு நாளாவது ஒரு மணிக்கு மேல்தான் வருகிறான். அதே வீதி, அதே கேமரா, அவனும் பைக்கில்தான் வருகிறான், அவனும் கேட் முன்னால் நின்று அரைமணி நேரம் கதை பேசுகிறான். எனக்கு இதுவரை ஒரு வீடியோவும் வந்ததில்லை. பெற்றவன் நானும் கவனிக்க வேண்டாமா? யாராவது அனுப்பலாமே.

இப்போது வரப்போகிற கமெண்டுகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" சரி. உங்கள் போனைக் கொடுங்கள். பாஸ்வேர்டு போடாமல் கொடுங்கள். உங்கள் பேங்க் பாஸ்புக்கையும், உங்கள் வீட்டில் நேற்று ராத்திரி நடந்த சண்டையையும் குழுவில் போடுவோம். தப்பு ஒன்றும் செய்யவில்லையே நீங்கள்.

"பொது ரோட்டுல வந்ததைத்தானே எடுத்திருக்கு?" இதையும் கேட்டார்கள், அதுவும் படித்தவர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் போய்விடாது, அது ஆளோடு கூடவே வருகிறது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ரோடு பொதுதான். அதில் நடக்கிற பிள்ளை பொது இல்லை.

வக்கீலாக இருக்கிற என் மாப்பிள்ளை ஒருவரிடம் கேட்டேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 79வது பிரிவு இருக்கிறது, ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தில் அவள் அந்தரங்கத்தில் தலையிட்டால் மூன்று வருசம் வரைக்கும் சிறை, 356ல் அவதூறு இருக்கிறது என்று அடுக்கினார். அப்புறம் அவரே, "புகார்ல அந்தப் புள்ள கையெழுத்துப் போடோணுமே மாமா, போடுமா?" என்றார். அதுதான் விஷயம். புதிதாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே என்றேன். 2023ல் போட்ட சட்டம், விதிகள் வந்ததே 2025 நவம்பரில், அதிலும் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர ஒன்றரை வருசம். கம்பெனிகளுக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு. ஆனால் தனி ஆள் தன் சொந்தத் தேவைக்கு, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம். நல்லது. எதிர்வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு வருகிறது என்பது யாருடைய சொந்தத் தேவை என்று மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

"நீ எந்தக் கட்சின்னு தெரியும்." இதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. 2025 ஜூலையில் ஓரணியில் தமிழ்நாடு என்று திமுக வீடு வீடாக உறுப்பினர் சேர்த்தபோது, ஓடிபி வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அது சரியான தடைதான். எந்தக் கட்சியாக இருந்தாலும் என் போனுக்கு வருகிற எண் என்னுடையது. அன்றைக்கு அந்தச் செய்தியை எங்கள் குழுவில் முதலில் போட்டு, "என் அந்தரங்கம் என் உரிமை" என்று பக்கம் பக்கமாக எழுதினாரே ஒருவர், அவரேதான் இந்த 38 நொடியையும் முதலில் போட்டவர். உங்களுக்கு ஆறு இலக்க எண் அந்தரங்கம். அந்தப் பிள்ளைக்கு முகம், நடை, வீட்டு கேட், வண்டி நம்பர், கூட வந்தவன் எதுவும் அந்தரங்கம் கிடையாது. அப்படித்தானே?

ஜவுளிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால் சண்டை போடுகிறோம். போடத்தான் வேண்டும். நம்பர் கொடுத்தால்தான் பொருள் என்று கடைக்காரர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. கடைக்காரன் கேட்டால் மட்டும் வருகிற ரோசம் அடுத்த வீட்டுக்காரன் எடுத்தால் ஏன் வருவதில்லை? கவர்மெண்ட் நம்மை வேவு பார்க்கிறது, கம்பெனிக்காரன் வேவு பார்க்கிறான் என்று பேசிப் பேசியே, திண்ணையில் உட்கார்ந்து வேவு பார்க்கிற நம் பழக்கத்தை மறந்துவிட்டோம். முன்பெல்லாம் திண்ணைக்காரர்கள் ராத்திரியாவது தூங்கினார்கள்.

"பெண்ணியம் பேச ஆரம்பிச்சுட்டாரு." ஆமாம். போங்கள்.

இதையெல்லாம் குழுவிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன். மரியாதையாகத்தான் பேசினேன். "அந்த வீடியோவ எடுத்துருங்க, அந்த வீடும் நம்ம கூடக் காசு போட்ட வீடுங்க" என்று இரண்டே வரி. வந்த பதில் என்ன தெரியுமா? "மொதல்ல கேமராக் கணக்கக் காட்டுங்க." 14 வருசம் இந்த நகரில் இருக்கிறேன். மாரியம்மன் நோம்பிக் கணக்கு, போர்வெல் கணக்கு, பாடை கட்டுகிற செலவு வரைக்கும் என்னிடம்தான் கொடுத்து வைத்தார்கள். ஒரு ரூபாய் இதுவரை இடித்ததில்லை. அன்றைக்கு ராத்திரியே குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். தூக்கியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் ஒறம்பறைக்கு, வந்த சொந்தக்காரர்களுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறேன். அதை எதற்குச் சொல்கிறேன், விடுங்கள். கணக்கு நோட்டு என் வீட்டில்தான் இருக்கிறது, எந்நேரமும் வந்து பார்க்கலாம். கடைசி ரசீது எண் 64. இருபத்தி மூன்றாவது ரசீதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

நேற்றுக் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். வழக்கமாக "என்னுங்கண்ணா, சாப்ட்டாச்சுங்களா" என்று கேட்பவர், தலை நிமிரவில்லை. நானாகத்தான் போய் நின்றேன். என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"அந்த கேமராவ எங்கூட்டுப் பக்கம் இருந்து அந்தப் பக்கமாத் திருப்பி வெக்க முடியுங்களாண்ணா? எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, குடுத்தர்றனுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலில் சங்கக் கூட்டம். 11 போனிலிருந்தும் ஆப்பை எடுக்க வேண்டும், கேமராப் பதிவுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இரண்டு பேரிடம் கொடுக்க வேண்டும், போலீஸ் எழுதிக் கேட்டால் தவிர யாருக்கும் பதிவைக் காட்டக் கூடாது என்று எழுதிக்கொண்டு வருகிறேன். அந்த வீட்டுக்கு 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் கேட்கப் போகிறேன். சங்கம் தராவிட்டால் நான் தருகிறேன். வாங்கமாட்டார், தெரியும்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோ யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள். எனக்கு அனுப்பாதீர்கள். காலையிலிருந்து நாலு பேர், "அண்ணா, நீங்க சொல்றது இதுதானுங்களே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.