கடற்கரைச் சாலையில் கடல் எங்கே?

போன மார்கழிக் கடைசியில் அம்மாவையும் அக்கா மகனையும் ஏற்றிக்கொண்டு காட்பாடியிலிருந்து கிளம்பினேன். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிச்சாவரம் வரை. மூன்று நாள். வந்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலையிலிருந்து கடல் தெரியாது.

சும்மா சொல்லவில்லை. மாமல்லபுரம் தாண்டியதும் இடது பக்கம் சவுக்குத்தோப்பு. தோப்பு முடிந்தால் ரிசார்ட் மதில். மதில் முடிந்தால் மனை விற்பனைப் பலகை. மறுபடியும் சவுக்கு. சினிமாப் பாட்டில் வண்டி ஓட ஓடப் பக்கத்திலேயே அலை அடிக்குமே, அந்த நினைப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் அம்மா. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாடா, கடல் ரோடுன்ன, நம்ம வாலாஜா ரோடு மாதிரியே கீது?"

கடல் வேண்டுமென்றால் இடது பக்கம் திரும்ப வேண்டும். எந்தச் சந்திலிருந்து மீன் கூடை ஏற்றிய குட்டி யானை வெளியே வருகிறதோ, அந்தச் சந்துக்குள் வண்டியை விட வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் மணல் வந்துவிடும். இதைச் செய்யாமல் நூறில் விரட்டிப் பாண்டிச்சேரி போய்ச் சேருகிறவர்கள் திண்டிவனம் வழியாகவே போகலாம்.

மாமல்லபுரத்தை விடுங்கள், எழுதாதவர் யார்? சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும் எழுத்து செதுக்கிய கல்லறைகளும் இருக்கின்றன. அரை மணி நேரம் நின்றோம், எங்களைத் தவிர ஒரு நாய்தான்.

நான் இந்தப் பயணம் வைத்ததே அதற்கடுத்த இடத்துக்காக. கல்பாக்கம் தாண்டி வாயலூர் பக்கம் ஒரு நீளப் பாலம் வரும். கீழே பாலாறு. "தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில்" என்று ஊரே கேலி பேசிய வேலூரில் வளர்ந்தவன் நான். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981லேயே வந்துவிட்டார். ஆறுதான் 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது கரைபுரண்டு வந்து பயமுறுத்திவிட்டு மறுபடி மணலாகிவிடும். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் நடந்து வருகிற அந்த ஆறு கடைசியில் என்னதான் ஆகிறது என்று பார்க்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

மணலில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு நீளமாகக் கிடந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தால் அதை உடைத்துக்கொண்டு போகும், வரத்து குறைந்தால் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். நாங்கள் போனபோது ஓர் ஓரத்தில் திறந்திருந்தது, நம் வீட்டுத் தெரு அகலம்தான் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலையை விரித்து எறிவதும் இழுப்பதுமாக இருந்தார். வலையில் விரல் நீளத்துக்கு நாலைந்து மடவை. அம்மா குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம ஆத்துத் தண்ணி உப்பா பூடுச்சேடா." வாடைக்காற்றுக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மருமகன் ஃபோனில் ஷூட்டிங் ஸ்பாட் பட்டியல் ஒன்று வைத்திருந்தான். அதில் இந்த இடம் இல்லை. "மாமா, இங்க இன்னா எடுத்தாங்க?" "ஒண்ணும் எடுக்கலடா." அவனுக்கு அது பெரிய ஏமாற்றம்.

கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. நம் ஆற்காட்டு நவாபுகள் காலத்தது, நாணயச்சாலைகூட இருந்த இடம். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் இடித்துப் போட்டார்கள். இப்போது செங்கல் சுவரும் பின்னால் உப்பங்கழியும்தான், மருமகன் பட்டியலில் இருந்த இடங்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். மரக்காணம் உப்பளங்களில் அப்போது உப்பு இல்லை. மழைத்தண்ணீர் நின்று பாத்தி பாத்தியாக வானம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் பார்க்க வேண்டுமானால் வெயில் காலத்தில் போங்கள்.

பாண்டிச்சேரியில் 2012இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தின் மிருகக்காட்சி சாலையைக் காட்டு என்றான். தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். மரங்கள் இருந்தன, புலி இல்லை. கடற்கரைக்குப் போனால் மணலுக்குப் பதில் கருங்கல். துறைமுகத்துக்குக் கல் கொட்டித் தடுத்ததில் தெற்கிலிருந்து வருகிற மணல் நின்றுபோய், நகரத்தின் கரையைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கல்லில் உட்கார்ந்து ஆயிரம் பேர் செல்ஃபி எடுக்கிறார்கள், பின்னணி நன்றாகத்தான் இருக்கிறது.

பிச்சாவரம் அம்மாவின் கணக்கு. 1975இல் 'இதயக்கனி' வந்தபோது அவருக்குக் கல்யாணமாகவில்லை. அங்கே எடுத்த படம் என்பது மட்டும் மறக்கவில்லை. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். அதுதான் சுரபுன்னை வேர்கள் தலையில் இடிக்கிற அளவு குறுகலான ஓடைகளுக்குள் போகும். உள்ளே போனதும் காற்று நின்று, துடுப்புச் சத்தம் மட்டும். அம்மா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, எம்ஜிஆர் எந்தப் பக்கம் வந்தாரு?"

துடுப்பு போட்டவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தயங்காமல் இடது ஓடையைக் காட்டி, "அதுலதாம்மா" என்றார். திரும்பும்போது எதிரே வந்த படகுக்காரர் தன் ஆட்களுக்கு வலது ஓடையைக் காட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு பக்கமும் ஒரு கும்பிடு போட்டார்.

திரும்பும்போது வந்தவாசி வழி. இரவு பதினொன்றுக்கு வேலூர் தாண்டிக் காட்பாடிப் பாலத்தில் ஏறினோம். கீழே ஒரு ஓரமாக நாலு முழ அகலத்துக்குத் தண்ணீர் மினுங்கியது. தூங்கிவிட்டார் என்று நினைத்த அம்மா கேட்டார்: "இது எப்போடா அங்க போய்ச் சேரும்?"

மருமகன் ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆத்துக்கு டைம் காட்டல பாட்டி, வண்டிக்குதான் காட்டுது."