பேசினால் ஆக்சிஜன் ஊறுமா?

நேற்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு விண்வெளிப் படம் பார்த்தேன், இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பெயரைச் சொல்லி இலவச விளம்பரம் கொடுக்க மனமில்லை.

கதாநாயகியின் ஹெல்மெட் கண்ணாடியில் இடது கண்ணுக்கு நேராக ஒரு விரிசல் விழுகிறது. க்ளோசப். காற்று கசிகிறது, அலாரம் அலறுகிறது, நடுங்கும் விரல்களால் அதன்மேல் டேப்பை ஒட்டுகிறார். சரி, நானும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அடுத்த ஷாட்டில் டேப்பைக் காணோம். அதற்கடுத்ததில் விரிசலே இல்லை, கண்ணாடி இப்போதுதான் உறை பிரித்த மாதிரி பளபளக்கிறது. கப்பலுக்குள் ஏறும்போது விரிசல் திரும்ப வந்துவிடுகிறது, வலது பக்கம்! ஆக்சிஜன் மீட்டர் அதைவிடக் கொடுமை. 12 சதவீதம் என்று சிவப்பில் மினுக்கியது, இரண்டு நிமிடம் வசனம் பேசி முடித்ததும் 31. இவ்வளவு பணத்தைக் கொட்டி எடுக்கிறவர்களுக்கு, போன ஷாட்டின் போட்டோவை எடுத்துப் பார்க்க ஒரே ஒரு ஆள் கிடைக்கவில்லையா?

அறிவியல் பக்கம் போனால் இன்னும் மோசம். வெற்றிடத்தில் குண்டு வெடிக்கும் சத்தம் எல்லாப் படத்திலும் கேட்கிறது, பழகிவிட்டது, விடுங்கள். ஆனால் செவ்வாயில் இருக்கும் அப்பா பூமியில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் கொஞ்சுகிறார், கேட்ட கேள்விக்கு அடுத்த நொடி பதில் வருகிறது. ஒளியே அங்கிருந்து வந்து சேர, இரண்டு கோள்களும் நெருங்கி இருக்கும்போதுகூடச் சுமார் 3 நிமிடம் ஆகும், எட்டப் போய்விட்டால் 22. "அப்பா எப்ப வருவீங்க?" என்று கேட்டுவிட்டு அந்தக் குழந்தை, கேள்வி அங்கே போய்ப் பதில் திரும்பி வரும்வரை, முக்கால் மணி நேரம்கூடத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதைக் காட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்! கையில் இருந்த நல்ல காட்சியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, பின்னணியில் வயலினைப் போட்டு அழ வைக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொருவர் கப்பலுக்கு வெளியே விழுந்த மறுநொடி பனிக்கட்டியாக உறைந்து நொறுங்குகிறார். வெற்றிடம் என்றால் சூட்டைக் கடத்திக்கொண்டு போக அங்கே எதுவுமே இல்லை என்று அர்த்தம், பிளாஸ்க்கில் காபி சூடாக இருப்பதே அதனால்தான். 1960களில் நாசாவின் வெற்றிட அறைச் சோதனையில் ஒருவருடைய உடையின் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் மயங்கினார். சூட்டால் இல்லை, காற்றழுத்தம் இல்லாததால் நாக்கில் இருந்த எச்சில் கொதித்ததுதான் கடைசியாக அவருக்கு ஞாபகம், பிறகு பிழைத்தும்விட்டார். எச்சில் கொதிப்பதைவிடப் பயங்கரமாக ஒன்றை எந்தக் கதாசிரியர் யோசித்துவிடப் போகிறார்?

உடனே "சினிமாதானே, ரசிச்சிட்டுப் போ" என்று கிளம்பி வராதீர்கள். ஒளியை மிஞ்சி ஓடும் கப்பலை நான் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டேன். நான் கேட்பதெல்லாம், நீங்களே போட்ட விரிசலை நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். க்ளைமாக்ஸில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், நான் மேஜைமேல் கழற்றி வைத்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். விரிசல் பழையபடி இடது பக்கத்தில் இருந்தது, டேப் மட்டும் இல்லை.