ஸ்ரீஜேஷ் திரும்பி வரட்டும், கோலுக்குள் வேண்டாம்

2025 ஜூனில் ஐரோப்பாவில் நம் ஆண்கள் ஹாக்கி அணி புரோ லீக் என்னும் சர்வதேசப் போட்டியில் வரிசையாக ஏழு ஆட்டங்களைப் பறிகொடுத்தபோது எழுந்த குரல் இன்னும் ஓயவில்லை. இந்தியா ஒரு கோல் வாங்கினாலே கமெண்ட் பகுதி முழுக்க, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் பெயர்தான். சேட்டா, இன்னும் ஒரே ஒரு டோர்னமென்ட், பேடைக் கட்டுங்க என்று மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் கெஞ்சுகிறார்கள். அந்தக் கெஞ்சலை யாரும் கேலி செய்ய வேண்டாம். அந்த ஏழு ஸ்கோரையும் பார்த்தாலே ஏன் கெஞ்சுகிறார்கள் என்று புரியும். நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் இரண்டு தடவையும் 2-3. பெல்ஜியத்திடம் 3-6. ஏழில் ஆறு தோல்வி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். அதில் சில கோல்கள் கடைசி நிமிடங்களில் விழுந்தவை. முடிவில் ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். 'அந்த ஒரு பந்தை மட்டும் அவர் தடுத்திருப்பாரே' என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ரசிகன் கணக்குப் போடுவது இயல்புதான்.

ஆனால் அந்தக் கணக்கில் எது சரி, எது ஆசை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் கருத்தும். கம்பங்களுக்கு நடுவே நிற்பதற்கு மட்டும் வேண்டாம்.

முதலில், நாம் உண்மையில் எதை இழந்திருக்கிறோம்?

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்வோம். எதிரணியில் ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட, டி எனப்படும் கோல் முன்னாலுள்ள அரைவட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்தி கோலை நோக்கி அடிப்பார்கள். கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். டி-யின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். நல்ல டிராக் ஃபிளிக், அதாவது ஸ்டிக்கால் இழுத்து வீசும் அடி, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால், ஸ்டிக்கை விட்ட பந்து கோட்டைத் தொட அரை வினாடிகூட ஆகாது. கோல்கீப்பர் கோட்டிலேயே நிற்காமல் ஒன்றரை மீட்டர் முன்னால் வந்து நின்றால், அவர் காக்க வேண்டிய அகலம் சுமார் 37 செ.மீ. குறைகிறது. பதிலுக்கு 0.05 வினாடி போகிறது. இந்த வியாபாரத்தில் எங்கே நிற்பது என்பதுதான் கோல்கீப்பிங்கின் பாதி. பயந்த கீப்பர் கோட்டோடு ஒட்டிக்கொள்வார். மேல் மூலை இரண்டும் திறந்துவிடும். அதிகம் முன்னேறியவருக்குத் திசை மாறும் பந்தில் கையோ காலோ எட்டாது. ஸ்ரீஜேஷ் நிற்கும் இடம் எதிரணி ஃபிளிக்கரைப் பொறுத்து மாறும். யார் எந்தப் பக்கம் இழுப்பார், யார் கடைசி நொடியில் பக்கத்தில் தள்ளிக் கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அதைவிட முக்கியம், அந்த நொடியில் அவர் தனியாள் இல்லை. கார்னரைத் தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்து தள்ளப்படுவதற்கு முன்னால் ஒருவர் காலை எடுத்து வைத்துவிட்டால் அவரும் நடுக்கோட்டுக்குப் போக வேண்டியதுதான், நால்வரோடு சமாளிக்க வேண்டும். முதல் ரன்னர் நேராக ஃபிளிக்கர் மேல் பாய்ந்து ஒரு பக்கத்தை மூடுவார். மறுபக்கம் கீப்பர் பொறுப்பு. ஒருவர் கம்பத்தை ஒட்டி நிற்பார். ரன்னர் ஒரு எட்டு தவறான பாதையில் ஓடினால் கீப்பருக்குப் பந்தே தெரியாது, ரன்னரின் உடம்புதான் தெரியும். இந்த ஒப்பந்தம் ஒவ்வொரு கார்னருக்கும் முன்னால் பேசி முடிவாக வேண்டும். டிவியில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும்: ஐந்து பேரும் கோலுக்குள் தலையைச் சேர்த்து நிற்க, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். ஓடும் ஆட்டத்திலும் அதே குரல்தான். யார் ஆளை விட்டுவிட்டார், யார் இடப்பக்கம் இறங்க வேண்டும் என்று அறுபது நிமிடமும் கத்துவார். முழு மைதானமும் கண்ணில் படுகிற ஒரே ஆட்டக்காரர் கீப்பர்தான். அவர் வாயை மூடிவிட்டால் டிஃபண்டர்கள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்தத் திரும்பலில்தான் ஆள் கழன்றுவிடுவான்.

பாரிஸ் காலிறுதி இதற்குச் சாட்சி. 2024 ஆகஸ்ட் 4, எதிரே பிரிட்டன். 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. அவர்தான் நம் முதல் ரன்னர். மீதி ஆட்டம் முழுக்கப் பத்து பேர், அதுவும் கார்னருக்குப் பாயும் முதல் ஆள் இல்லாமல். 1-1 என்று இழுத்துப் பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2. அன்றைக்கு ஸ்ரீஜேஷ் தடுத்த பந்துகளைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். தடுப்பு வரிசையை ஆள் மாற்றி ஆள் மாற்றி அவர் அடுக்கியதும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டியது.

அடுத்தது ஷூட்-அவுட். ஆட்டம் சமனில் முடிந்தால் ஒரு ஆட்டக்காரரும் கீப்பரும் மட்டும் மோதுவது. 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்படும் ஆட்டக்காரருக்கு எட்டு வினாடி. கீப்பர் கோல் கோட்டிலிருந்து கிளம்பலாம். இளம் கீப்பர்கள் செய்யும் பெரிய பிழை சீக்கிரம் படுத்துவிடுவது. படுத்த கீப்பரைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு வினாடி போதும். இன்னொரு பிழை, ஆளை இடித்துவிட்டு பெனால்டி ஸ்ட்ரோக்கை, அதாவது கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் நேரடி அடியை, தானமாகக் கொடுப்பது. சரியான வழி என்னவென்றால், வேகமாக வெளியே வந்து இடைவெளியைக் குறைத்து, பிறகு காலில் நின்றபடியே பின்வாங்கி, ஆட்டக்காரரை அவருடைய ரிவர்ஸ் பக்கத்துக்கு (ஸ்டிக்கைத் திருப்பி அடிக்க வேண்டிய இடப்பக்கத்துக்கு) ஒதுக்கி, கடிகாரத்தை நமக்காக வேலை செய்ய விடுவது. ஆறாவது வினாடியில் அடிக்கிறவர் பதறுவார், கீப்பர் பதறக் கூடாது. ஸ்ரீஜேஷின் உயரமும் நீண்ட காலும் இதற்கு உதவின. ஆனால் பெரிய உதவி பொறுமைதான். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானை ஷூட்-அவுட்டில் வென்றது இப்படித்தான்.

இதெல்லாம் சரி. ஆனால் ஏக்கம் வேண்டாததை உதறிவிட்டு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளும். 2023 உலகக் கோப்பையை இன்று யார் பேசுகிறார்கள்? புவனேஸ்வரில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்து, 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் 4-5 என்று வெளியேறினோம். அந்த ஷூட்-அவுட்டில் சடன் டெத் (ஒரு சுற்றில் ஒரு அணி முந்தினாலே முடிவு) ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்ரீஜேஷ் காயம்பட்டு, மாற்று கீப்பர் கிருஷன் பாதக் உள்ளே வந்தார். பாரிஸ் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றபோதும் கோலில் நின்றது ஸ்ரீஜேஷ்தான். அவர் இருந்தால் ஜெயிப்போம் என்பது விதி இல்லை. அவர் இருந்தால் தோல்வி தள்ளிப்போகும், சில நாள் தவிர்க்கப்படும். அவ்வளவுதான் எந்த கீப்பராலும் முடியும்.

ஓய்விலிருந்து ஆட்களை அழைத்து வருவது நம் அணிக்குப் புதிதும் இல்லை. டோக்கியோ வெண்கலத்துக்குப் பின் 2021 செப்டம்பரில் ரூபிந்தர் பால் சிங்கும் பிரேந்திர லக்ராவும் ஒரே நாளில் ஓய்வு அறிவித்தார்கள். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு இருவரும் திரும்பினார்கள். கேப்டனாக அறிவிக்கப்பட்ட ரூபிந்தர் மணிக்கட்டுக் காயத்தால் போட்டி தொடங்கும் முன்பே விலக, லக்ரா தலைமையில் வெண்கலம் கிடைத்தது. இளைஞர் அணிக்கு ஒரு மூத்தவர் துணை என்ற அளவில் அது பயன்பட்டது. ஆனால் அதற்குப் பிறகு? ஒரு போட்டியின் ஓட்டை அடைபட்டது, அத்தோடு சரி.

கீப்பர் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். ஃபார்வர்டு திரும்பி வந்தால் பதினைந்து நிமிடம் ஆட வைத்து, உட்கார வைத்து, மறுபடி இறக்கலாம். கோலில் ஒரே நாற்காலிதான். ஒலிம்பிக் அணி பதினாறு பேர், வழக்கமாக ஒரே கீப்பர். பாரிஸில் பாதக் மாற்று வீரர் பட்டியலில்தான் இருந்தார், மைதானத்துக்குள் ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. ஸ்ரீஜேஷ் மறுபடி வந்தால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காரவே முடியாது. 1988 மே மாதம் பிறந்தவர், லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 வரும்போது நாற்பது வயது. 2017 அஸ்லன் ஷா கோப்பையில் முழங்கால் தசைநார் கிழிந்து, மாதக்கணக்கில் உழைத்து மீண்டு வந்த கால் அது. தினமும் பயிற்சியில் ஃபிளிக்கை எதிர்கொள்ளாத கண் கொஞ்ச நாளிலேயே மந்தமாகிவிடும். பந்து ஸ்டிக்கை விட்டுப் போவதற்கு முன்பே மணிக்கட்டை வைத்து ஊகிக்கிற அந்தப் பார்வை, ஜிம்மில் வராது. ஓய்வு பெற்றவர் என்று, நாட்டின் ஹாக்கி கூட்டமைப்பான ஹாக்கி இந்தியா அவருடைய 16-ஆம் எண் ஜெர்சியையே சீனியர் அணியில் வேறு யாருக்கும் தராமல் ஒதுக்கிவிட்டது. இரண்டு ஒலிம்பிக் வெண்கலம், நான்கு ஒலிம்பிக், 336 சர்வதேச ஆட்டங்கள். இதற்கு மேல் அவரிடம் கேட்பது நம் பேராசை.

கேட்க வேண்டிய இடம் வேறு.

ஓய்வு பெற்ற கையோடு அவர் ஜூனியர் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஆனார். 2024 டிசம்பரில் மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பை. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் பெல்ஜியத்துக்கு எதிரான காலிறுதி 2-2 என்று முடிந்து ஷூட்-அவுட்டுக்குப் போனது. இந்தியா 4-3. கோலில் நின்ற இளைஞர் பிரின்ஸ்தீப் சிங். அவர் நிதானமாகக் காலில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அரையிறுதியில் ஜெர்மனி நம்மை 5-1 என்று நொறுக்கியது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி 4-2 என்று வென்று வெண்கலம் எடுத்தார்கள். இதே மைதானத்தில்தான் 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி அரையிறுதியில் ஸ்ரீஜேஷ் தன் 300-ஆவது ஆட்டத்தை ஆடினார். நம்மூர் ரசிகர்களுக்கு அவர் மேல் இருக்கும் உரிமை சும்மா வந்ததில்லை.

இப்போது சீனியர் கீப்பர்களைப் பார்ப்போம். பாதக்கும் சூரஜ் கர்கேராவும் குறைந்தவர்கள் இல்லை. 2025 செப்டம்பரில் ராஜ்கீரில் கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பை இடத்தையும் எடுத்தபோது அணியில் இருந்த இருவரும் இவர்களே. சீனியர் அணிப் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனின் கீழ் ஸ்ரீஜேஷும் பாதக்கும் கால்பகுதிக்கு (பதினைந்து நிமிடத்துக்கு) ஒருவராக மாறி மாறி நின்ற காலம் உண்டு. அதில் பாதக்குக்கு ஆட்ட நிமிடங்கள் கிடைத்தன. கிடைக்காதது நெருக்கடி நிமிடங்கள். கடைசிக் கால்பகுதி, ஒரு கோல் முன்னிலை, எதிரணி கீப்பரை வெளியே எடுத்துவிட்டு பதினொன்றாவது ஆளையும் இறக்கி நெருக்கும் அந்த ஐந்து நிமிடம். பெரிய போட்டிகளில் அந்த ஐந்து நிமிடம் எப்போதும் ஸ்ரீஜேஷுக்கே போனது. ஜூன் மாதத் தோல்விகளில் வெளிப்பட்டதும் இதுதான்: தடுத்த பந்து எங்கே போய் விழுகிறது என்ற கட்டுப்பாடு இல்லை. பாதத்தில் கட்டும் இப்போதைய ஃபோம் கிக்கரில் பட்ட பந்து துள்ளித் தெறிக்கும். காலின் கோணத்தைத் திருப்பி ஓரமாக வெளியேற்றினால் ஆபத்து முடிந்தது. நேராகப் பட்டால் பந்து டி-யின் நடுவில், எதிரணி ஸ்டிக்குக்கே போய்ச் சேரும். இரண்டாவது அடி கோல். இதைப் புள்ளிவிவரத்தில் 'சேவ்' என்று எழுதிவிடுவார்கள், அதுதான் கொடுமை.

இதைச் சரிசெய்ய ஆட்ட நேரம் வேண்டும். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பிய நம் உள்நாட்டுப் போட்டியான ஹாக்கி இந்தியா லீக் அதற்கு நல்ல வாய்ப்பு. ஆனால் அங்கே பல அணிகள் கோலுக்கு வெளிநாட்டவரையே நம்பின. தமிழ்நாடு டிராகன்ஸுக்கு அயர்லாந்தின் டேவிட் ஹார்ட், சூர்மா அணிக்கு பெல்ஜியத்தின் வனாஷ், ஹைதராபாத்துக்கு ஜெர்மனியின் டானபெர்க். மூவரும் உலகத்தரம், பார்க்கவே சந்தோஷம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் பையன்களுக்கு என்ன கிடைத்தது? வெளிநாட்டு கீப்பரை எடுக்கும் அணி, ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது இரண்டு கால்பகுதி இந்திய கீப்பரை இறக்க வேண்டும், அதில் ஒன்று நான்காவது கால்பகுதியாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும். காசு செலவில்லை.

இன்னொன்று, கிட். ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் கவசம், கால் பேட், கிக்கர், இரண்டு கை கிளவ் என்று இறக்குமதி செட் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஸ்ரீஜேஷின் அப்பா பசுவை விற்று மகனுக்கு முதல் கிட் வாங்கிக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்குகிறோம், ஆனால் மாவட்ட அளவில் இன்றும் கிழிந்த பேடும் இறுகிப்போன ஃபோமும்தான். இறுகிய ஃபோமில் பந்து பட்டால் வலிக்கும். வலிக்கப் பயந்த பையன் காலை முழுதாக வைக்க மாட்டான். அங்கேயே அவன் ஆட்டம் கெட்டுவிடுகிறது.

ஆக, ஹாக்கி இந்தியாவுக்கு நாம் டேக் போட்டுக் கேட்க வேண்டியது இதுதான்: சீனியர், ஜூனியர், சப்-ஜூனியர் மூன்று அணிகளின் கீப்பர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, ஸ்ரீஜேஷை முழுநேரப் பொறுப்பாளராக வையுங்கள். டச்சுக்காரர் டென்னிஸ் வான் டி போல் வந்து நடத்திய சிறப்பு முகாம்களால் பலன் இருந்தது. ஆனால் சில நாள் முகாம் போதாது. அதே பாடத்தை வருடம் முழுக்க, ஒவ்வொரு கார்னர் பயிற்சியிலும் கோலுக்குப் பின்னால் நின்று சொல்லித் தர ஆள் வேண்டும். 2026 ஆகஸ்டில் பெல்ஜியமும் நெதர்லாந்தும் நடத்தும் உலகக் கோப்பை, அதை ஒட்டியே நாகோயா ஆசிய விளையாட்டு. நாகோயாவில் தங்கம் எடுத்தால் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நேரடி டிக்கெட். அந்த இரண்டுக்கும் இப்போதைய கீப்பர்கள்தான் நிற்க வேண்டும். அவர்கள் ஒரு கோல் விட்டவுடன் வேறொருவர் பெயரைக் கத்துவதை நிறுத்திவிட்டு, அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்துங்கள்.