அந்த வால்வ ஏன்யா கழட்டுனீங்க?

கார் இன்ஜின் சூட்டைச் சரியான அளவுல வச்சிருக்குற தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசுன அத்தனை மெக்கானிக்குக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். பழைய கார் வாங்குன எல்லாரும் இதை அனுபவிச்சிருப்பீங்க.

என்னோடது 2010 மாடல் ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார். மைலேஜ் கேவலம். பைபாஸ்ல ஏறுனா டெம்பரேச்சர் முள்ளு எழுந்திரிக்கவே இல்லை. டவுன் நெரிசல்ல நின்னா சர்ருன்னு ஏறுது. ப்ளக் மாத்துன்னாங்க, மாத்தியாச்சு. இன்ஜெக்டர் கழுவுன்னாங்க, கழுவியாச்சு. சென்சார்னு ஒருத்தர் சொன்னாரு, அதுக்கும் காசு அழுதாச்சு. இன்னிக்கு அந்த வால்வு மூடியைத் திறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்லை! வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. பேஸ்ட்டை அப்பி மூடி மட்டும் போட்டு வச்சிருக்கான்.

பக்கத்துல நின்ன மெக்கானிக் முகத்துல ஒரு அதிர்ச்சி? ம்ஹூம். "நாங்களும் கழட்டிருவோம் சார். அது குளிர் நாட்டுக்காரனுக்கு வச்சது. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?"

அண்ணே, இந்த வண்டி செஞ்சதே இருங்காட்டுக்கோட்டையில! ஸ்ரீபெரும்புதூர் பக்கம். 1998-லருந்து அங்கதான் சான்ட்ரோ தயாராகி வெளிய வந்துச்சு. அந்த வெயில்ல நின்னு வண்டி செஞ்சவனுக்கு நம்ம ஊரு சூடு தெரியாதா?

"இல்ல சார், வால்வு மாட்டுனா ஹீட் ஆகும்."

ஆகாதுண்ணே. தண்ணி 80 டிகிரி தாண்டுற வரைக்கும் அதை ஆற வைக்கிற ரேடியேட்டருக்கு விடாம இன்ஜினுக்குள்ளயே சுத்த விடும், அப்புறம் தானா திறக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. அது இல்லைன்னா ஓட்டத்துல இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராது. இன்னும் குளிராவே இருக்குன்னு நினைச்சு ஈ.சி.எம்.ங்குற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊத்தும். ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாகாது, ஆயில் கெட்டுப்போகும்.

"நாங்க எத்தனையோ வருஷமா இப்படித்தான் செய்யுறோம் சார்."

அதுக்கு மேல என்ன பேசுறது? நானும் விடல. முன்னாடி ஹீட் ஆச்சுன்னா ஏன் ஆச்சுன்னு எவனாவது பாத்தானா? ரேடியேட்டர்ல கூலன்ட் ஊத்தாம போர் தண்ணி. உப்புத் தண்ணி! செங்கல் நிறத்துல துரு வழியுது. கூலன்ட் வெறும் குளிர்ச்சிக்கு மட்டுமில்ல, துருப் பிடிக்காம காக்குறதும் அதுதான், சீக்கிரம் கொதிக்காம பாத்துக்குறதும் அதுதான். இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டு அலுமினியம், உப்புத் தண்ணி அதை அரிச்சிரும். ரேடியேட்டர் அடைச்சதால ஹீட் ஆச்சு. அடைப்பை எடுக்காம வால்வைக் கழட்டியிருக்கான். அதுவும் பத்தலைன்னு ரேடியேட்டர் ஃபேனுக்கு டைரக்ட் கனெக்ஷன் குடுத்திருக்கான், சாவி போட்டதுலருந்து ஓயாம ஓடுது. காய்ச்சல்காரனுக்கு மருந்து குடுக்காம தெர்மாமீட்டரை உடைச்ச கதை. வித்தவன் தப்பிச்சிட்டான். பிள்ளைகளையும் வயசான அம்மாவையும் ஏத்திக்கிட்டு நடு ரோட்டுல ஹெட்டுக்கு அடியில இருக்குற கேஸ்கெட் போய் நிக்கப்போறது நான்தானே?

சில நூறு ரூபாய்ப் பொருள். அதை மிச்சம் பிடிச்சு ஆயிரக்கணக்குல செலவு இழுத்து விடுறாங்க. ஏழைபாழை கடன் வாங்கிக் கார் வாங்குறதே குடும்பத்தோட மழை வெயில் படாம போகத்தான். அவன் தலையில இதைக் கட்டுறது பாவம்யா.

சரி, புது வால்வு வாங்கலாம்னு ஸ்பேர் கடைக்குப் போனா, "இதையெல்லாம் யாரும் கேக்குறதில்ல சார், ஸ்டாக் வைக்கிறதில்ல"ங்குறாரு. எப்படிக் கேப்பான்? எல்லாப் பயலும் கழட்டித்தானே வீசுறான்!