ட்ரேசி சாப்மன் எங்கும் காணாமல் போகவில்லை

ட்ரேசி சாப்மன் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் "நல்ல பாடகி, பாவம், ஒரே பாட்டோடு காணாமல் போய்விட்டார்" என்பார். இரண்டு நாள் முன்பும் ஒரு நண்பர் அதையே சொன்னார். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1964-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம், அம்மாதான் வளர்த்தார். அந்த நிலையிலும் மூன்று வயது மகளுக்கு யுகுலேலி என்ற சின்னக் கிட்டார் போன்ற கருவியை வாங்கித் தந்த அம்மா அவர். எட்டு வயதில் கிட்டார் கைக்கு வந்தது, கூடவே சொந்தப் பாட்டும். அமெரிக்கக் கிராமப்புற வெள்ளையர்களின் இசையாகப் பார்க்கப்பட்ட கன்ட்ரி இசையின் 'ஹீ ஹா' என்ற நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் கிட்டார் ஆசை வந்திருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பெண் குழந்தைக்கு அன்று அந்த இசையில் யார் இடம் வைத்திருந்தார்கள்? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உதவித்தொகையில் கனெக்டிகட்டில் விடுதிப் பள்ளி, அப்புறம் பாஸ்டன் பக்கத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல். படிக்கும் காலத்தில் ஹார்வர்ட் சதுக்கத்திலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் நின்று பாடியிருக்கிறார். கூடப் படித்த ஒருவரின் அப்பா இசைத் துறையில் இருந்ததால் எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்தின் கதவு திறந்தது. 1988 ஏப்ரலில் முதல் ஆல்பம் வந்தது. சின்தசைசரும் எலெக்ட்ரானிக் டிரம்மும் வானொலியை நிரப்பியிருந்த காலத்தில், ஒரு கிட்டாரையும் ஒரு குரலையும் நடுவில் வைத்து வந்த ஆல்பம் அது.

அந்த ஆண்டு ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில், சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளுக்காகப் பெரிய இசை நிகழ்ச்சி. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பானது. ட்ரேசி தன் பங்கைப் பாடி முடித்துவிட்டார். பிறகு பாட வேண்டிய ஸ்டீவி வொண்டரின் கருவிக்கான ஹார்டு டிஸ்க் கடைசி நேரத்தில் காணவில்லை. மேடை காலியாக நிற்கிறது. ட்ரேசியை மறுபடி அனுப்பினார்கள். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், 24 வயதுப் பெண் கிட்டாரோடு தனியாக வந்து, அந்த முதல் ஆல்பத்தின் 'ஃபாஸ்ட் கார்' பாட்டைப் பாடினார். கூட்டம் அடங்கிப் போனது. சில வாரங்களில் அந்த ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குப் போனது.

இதை அதிர்ஷ்டம் என்கிறவர்கள் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய மகள். ஒருவனிடம் வேகமாக ஓடும் கார் இருக்கிறது, ஏறிப் போய்விட்டால் வேறு வாழ்க்கை கிடைத்துவிடும் என்று நம்புகிறாள். போகிறாள், வேலை செய்கிறாள், பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவனும் குடிக்கத் தொடங்குகிறான். தொடக்கத்தில் 'நாம் முடிவெடுக்க வேண்டும்' என்று வருகிற இடம், கடைசியில் 'நீ முடிவெடு' என்று மாறிவிடுகிறது. ஒரு வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டார். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதே ஆண்டு அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இசைப் பயணத்தில் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், யூசு என்டூர் ஆகியோருடன் நாடு நாடாகப் போனார். செப்டம்பர் 30 அன்று டெல்லியிலும் பாடினார். நம்மில் பலருக்கு இது தெரியாது. 1989-இல் மூன்று கிராமி விருதுகள், அதில் ஒன்று சமகால நாட்டுப்புற இசை ஆல்பத்துக்கானது.

சரி, 'காணாமல் போன' கதைக்கு வருவோம். 1988 முதல் 2008 வரை எட்டு ஆல்பங்கள். 1995-இல் வந்த ஆல்பத்தின் 'கிவ் மீ ஒன் ரீசன்' பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. 'ஃபாஸ்ட் கார்' தொட்டதே ஆறாம் இடம்தான்! ஒரே பாட்டுக்காரர் என்கிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது பார்க்க வேண்டும். 2009 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு அவர் மேடையைக் குறைத்துக்கொண்டார். சொந்த வாழ்க்கையை ஒருபோதும் விற்பனைக்கு வைக்கவில்லை. பாடகி என்றால் வருடம் முழுக்க நம் கண்முன்னால் நிற்க வேண்டும் என்பது நாமாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம். அதில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை.

ஒதுங்கி இருந்தார் என்பதற்காகத் தன் பாட்டை யாரும் எடுத்துக்கொள்ளவும் விடவில்லை. அனுமதி மறுத்த பிறகும் ராப் பாடகி நிக்கி மினாஜ் அவருடைய பாட்டைப் பயன்படுத்திய ஒரு பதிவு வானொலியில் வெளியானபோது, 2018-இல் வழக்குத் தொடுத்தார். 2021-இல் 4,50,000 டாலரோடு வழக்கு முடிந்தது. பணத்தைவிட, எழுதியவர் 'முடியாது' என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு என்பதுதான் எனக்கு முக்கியம்.

2023-இல் லூக் கோம்ப்ஸ் என்ற கன்ட்ரி பாடகர், சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் கேட்டு வளர்ந்த 'ஃபாஸ்ட் கார்' பாட்டை மறுபடி பாடினார். கடையில் பில் போடும் பெண் என்று வரும் வரியைக்கூட ஆணாக மாற்றாமல், எழுதியபடியே பாடினார். அந்த மரியாதை பிடித்திருந்தது. பில்போர்டில் இரண்டாம் இடம் வரை போனது. நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருது, எழுதியவர் என்ற முறையில், ட்ரேசிக்கு. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவர்தான். 'ஹீ ஹா' பார்த்துக் கிட்டார் கேட்ட குழந்தை! விழாவுக்கு அவர் போகவில்லை, நன்றி சொல்லி எழுதி அனுப்பினார்.

2024 பிப்ரவரி 4, கிராமி மேடை. முதலில் கிட்டார் தந்திகளில் விரல்கள் மட்டும் தெரிகின்றன. கேமரா மேலே வர, நரைத்த முடியோடு ட்ரேசி சிரிக்கிறார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. அவர் பாடும்போது பக்கத்தில் நிற்கும் கோம்ப்ஸ், ரசிகனைப் போல வாய்க்குள் கூடவே பாடுகிறார். முடிந்ததும் அவரை நோக்கிக் குனிந்து வணங்குகிறார். 1988-இன் அந்தப் பழைய பதிவு உடனே ஐட்யூன்ஸ் இணையக் கடையின் பாடல் விற்பனையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் ட்ரேசி வீட்டுக்குப் போய்விட்டார். கையோடு ஒரு சுற்றுப்பயணம் அறிவிக்கவில்லை. 2025-இல் அந்த முதல் ஆல்பத்தை மட்டும், தானே மேற்பார்வை பார்த்து, மறுபடி வினைல் தட்டாகக் கொண்டுவந்தார்.