இடைக்கால உடைக்குப் பட்டன் வைக்கலாமா?

'இடைக்கால ஐரோப்பாவில் பட்டனே கிடையாது, கயிறு கட்டித்தான் உடுத்தினார்கள், பட்டன் வைத்துத் தைத்தால் தவறு' என்று, அக்கால உடைகளை அதேபோல இன்று தைத்துப் பார்ப்பவர்களிடையே ஒரு கருத்து வந்திருக்கிறது. பலர் அதை அப்படியே பகிர்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டு உடை தைப்பவருக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். அப்போது ஊசிப்பதக்கமும் (துணியைக் குத்தி மாட்டும் ப்ரூச்) நாடாவும்தான் பெரும்பாலும். ஆனால் 14ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தாது. உடலோடு ஒட்டிய உடைகள் பரவிய அந்தக் காலத்தில் பட்டன் வரிசை வழக்கமாகிவிட்டது.

நீங்களே சரிபார்க்கலாம். 1364இல் போரில் இறந்த பிரெஞ்சுப் பிரபு சார்ல்ஸ் தெ ப்ளுவாவின் மேலங்கி என்று சொல்லப்படும் உடை, பிரான்சின் லியோன் நகர ஜவுளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள்: முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன், கையிலும் வரிசையாகப் பட்டன். லண்டன் அகழாய்வில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுக் கைப்பகுதித் துண்டிலும் துணிப் பட்டன்கள் அப்படியே இருக்கின்றன, காஜாவோடு.

அந்தத் துணிப் பட்டன் வீட்டில் செய்ய மிக எளிது, அழகும்கூட. கம்பளித் துணியில் சிறு வட்டம் வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூலோட்டி, விளிம்பை உள்ளே மடித்து இழுத்துக் கெட்டியாகத் தைத்தால் போதும். உள்ளே எதுவும் அடைக்க வேண்டாம். இன்றைய சட்டைபோல உள்தள்ளி வைக்காமல், துணியின் விளிம்பிலேயே தையுங்கள். எனவே 1350 வாக்கிலான உடைக்குப் பட்டன் வைத்துத் தைத்தவர்கள் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.